வாவிக்கரையிற் கொடை, ஏற்பு, மீட்பு: மட்டக்களப்புச் சீதன உறுதிகளின் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒப்பந்தச் சட்டம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே வினாவுடன் தொடங்குகின்றன. ஒருவர் ஒன்றைத் தருவதாக முன்மொழிகின்றார். மற்றவர் அதனை ஏற்கின்றார். எக்கணத்திலிருந்து அவ்விருவரும் சட்டத்தாற் கட்டுண்டவராகின்றனர்? அக்கணத்துக்கு முன்னர் முன்மொழிவை மீளப்பெறலாம். அதன் பின்னர் இயலாது. இதனை விளக்குதற்கு அந்நூல்கள் எடுத்தாளும் வழக்குகள் இங்கிலாந்தின் வணிக வாழ்க்கையிலிருந்து பெறப்பட்டவை. கம்பளி விற்போர் எழுதிய கடிதமொன்று வழிதவறிச் சென்றமையால் எழுந்த 1818ஆம் ஆண்டின் அடம்ஸ் எதிர் லின்ட்செல் வழக்கு அவற்றுள் மிகப் பெயர்பெற்றது. ஏற்புக் கடிதம் தபாலிற் சேர்க்கப்பட்ட கணமே ஒப்பந்தம் நிறைவுறும் கணம் என்ற விதி அவ்வழக்கின் வழிவந்ததாகும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களிடையே இதே வினா பிறிதொரு வடிவில் எழுந்து வந்துள்ளது. மகளுக்கு வீடும் வளவும் வயலும் தருவதாகப் பெற்றோர் சொன்ன சொல் எப்பொழுது மீளப்பெற முடியாத கொடையாக மாறுகின்றது என்பதே அவ்வடிவம். இப்பிரதேசத்தில் முன்மொழிவு, ஏற்பு, மீட்பு ஆகியவை பற்றிய சட்டம் பெருமளவிற்குச் சீதன உறுதியின் வழியாகவே மக்களைத் தொட்டது. ஆகவே அவ்வுறுதியின் வரலாற்றை நோக்காது இச்சட்டத்தின் சமூகப் பயனை மதிப்பிடுதல் இயலாது என்பது நமது கருத்து. கொடுத்தவரின் சொல்லுக்கு ஊரார் தரும் மதிப்பையும், பெற்றவளின் ஏற்புக்குச் சட்டம் தரும் மதிப்பையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் குடிவழியும்

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் ஊர்கள் நெருக்கமாக அமைந்தன. அங்கே வளவு என்பது அரிய பொருள். படுவான்கரையின் வயலும் எழுவான்கரையின் வளவும் சேர்ந்ததே வசதியுள்ள குடும்பமொன்றின் ஆதனமாக இருந்து வந்தது.

இவ்வாதனம் தாய்வழிக் குடிமுறையோடு பிணைந்திருந்தது. குடி தாய்வழியாகவே வரும். மணமகன் மணமகளின் வீட்டிற் சென்று வாழ்வான். காலப்போக்கிற் பெற்றோரும் மணமாகாத இளைய பெண்மக்களும் வேறொரு வீட்டுக்குப் பெயர்வதும், மூத்தவளுக்கென முதல்வீடு நிலைப்பதும் வழமை. தமிழரிடையே மட்டுமன்றிக் காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடையேயும் இவ்வொழுங்கு காணப்படுகின்றது. சமயத்தால் வேறுபட்ட இரு சமூகத்தார் வீட்டைப் பெண்ணுக்கே உரியதாகக் கருதும் இவ்வொற்றுமை வாவிப்பிரதேசத்தின் தனிச்சிறப்புகளுள் ஒன்று.

பழைய வழமைச் சட்டமாகிய முக்குவர் சட்டம் பற்றி கிறிஸ்தோபர் பிரிற்றோ எழுதிய நூல் 1876இல் வெளிவந்தது. ஆதனத்தை முதுசம் என்றும் தேட்டம் என்றும் பிரித்து, முதுசத்தைத் தாய்வழியிற் செலுத்துவது அச்சட்டத்தின் அடிப்படை. ஒருவனது முதுசம் அவன் பிள்ளைகளுக்கன்றி அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும். அதே 1876ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இவ்வழமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத் தமிழர்க்குத் தேசவழமை நின்று நிலைத்தது. கண்டியர்க்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் சட்டம் இருந்தது. மட்டக்களப்புத் தமிழரோ நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர். அதன்படி ஆணும் பெண்ணும் சம பங்குக்கு உரியோராயினர்.

ஆயினும், மரணத்தின் பின்னர் ஆதனம் எவ்வாறு பிரியும் என்பதையே கட்டளைச் சட்டம் வரையறுத்தது. உயிரோடிருப்போர் தம் ஆதனத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அது தடுக்கவில்லை. தாய்வழி மரபுரிமை சட்டத்தில் மறைந்த பின்னரும், மகளிர்க்கு மணத்தின்போதே வீட்டையும் நிலத்தையும் எழுதிக் கொடுப்பதன் மூலம் அதன் உள்ளடக்கம் பெருமளவு நின்று நிலைத்தது. மரபுரிமையின் இடத்தை நன்கொடை பெற்றுக்கொண்டது. இம்மாற்றத்தின் ஒரு விளைவை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மரபுரிமைக்கு ஏற்பு இன்றியமையாததன்று; இறப்பே அதனைக் கொண்டுவரும். நன்கொடையோ ஏற்பின்றி நிறைவுறாது. ஆகவே பெண்ணின் உரிமை இப்பொழுது முன்மொழிவு, ஏற்பு என்னும் இரு செயல்களின் மேல் நிற்கலாயிற்று.

இருவகைச் சட்ட மரபுகள்

ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களோடு வந்த உரோமன் டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டின் பிரகடனத்தால் தொடரவிட்டனர். இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்திற்கு அடித்தளமாய் அமைந்தது இதுவே. முன்மொழிவை மீளப்பெறுதல் பற்றி இதற்கும் ஆங்கிலச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வழக்கினால் விளக்கலாம்.

1874ஆம் ஆண்டு யூன் 10ஆம் திகதி டொட்ஸ் என்பவர் தமது வீடுகளை 800 பவுணுக்கு டிக்கின்சன் என்பவருக்கு விற்பதாக எழுதிக் கொடுத்தார். யூன் 12ஆம் திகதி காலை 9 மணிவரை அம்முன்மொழிவு திறந்திருக்கும் என்றும் அதிற் குறித்தார். ஆனால் மறுநாளே வேறொருவருக்கு விற்க உடன்பட்டார். 1876இல் இவ்வழக்கைத் தீர்த்த இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், முன்மொழிவைத் திறந்து வைப்பதாகக் கூறிய வாக்குக்குக் கைம்மாறு எதுவும் பெறப்படாமையால் அது டொட்ஸைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்மானித்தது. கைம்மாறு அற்ற வாக்கு வெறும் வாக்கே என்பது ஆங்கில மரபு.

இலங்கையில் நிலை வேறு. 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கிற் கோமறை மன்றம், உரோமன் டச்சுச் சட்டம் வேண்டும் நியாயமான ஏது என்பது ஆங்கிலச் சட்டத்தின் கைம்மாற்றினும் மிக விரிந்தது எனத் தெளிவுபடுத்தியது. மனமறிந்து செய்த வாக்கு ஓர் அறக்கடமையை நிறைவேற்றுவதற்காகவோ ஈகையாகவோ இருப்பினும் கட்டுப்படுத்தும். ஆகவே குறித்த நாள்வரை முன்மொழிவைத் திறந்து வைப்பேன் என்று ஒருவர் கூற, மற்றவர் அதற்கு உடன்பட்டால், அதுவே ஓர் ஒப்பந்தமாக நிற்கக்கூடும். சொன்ன சொல் தவறலாகாது என்னும் வாவிக்கரை மக்களின் உணர்வுக்கு ஆங்கிலச் சட்டத்தினும் இதுவே அண்மையிலுள்ளது எனலாம்.

அசையும் பொருளைப் பொறுத்தவரையிற் சட்டமும் வழமையும் இன்னும் இணக்கமாகச் செல்கின்றன. கரைக்கு வந்த மீன் ஏலங் கூறப்படுகையில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு முன்மொழிவு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி சுத்தியல் அடிப்பினாலோ வழக்கமான வேறு முறையினாலோ ஏலம் முடிவுறுவதாக அறிவிக்கப்படும்வரை கேட்டவர் தம் கேள்வியை மீளப்பெறலாம். மணலிற் குவித்த மீனுக்குச் சுத்தியல் இல்லை. ஏலங் கூறுபவரின் இறுதிச் சொல்லே அவ்விடத்தை நிரப்புகின்றது. இங்கே சொல் போதுமானது. நிலத்துக்கு வரும்போதே சொல்லின் வலிமை முறிகின்றது.

சொல்லும் உறுதியும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன் 2ஆம் பிரிவின்படி நிலத்தை மாற்றும் செயல் எதுவும், அவ்வாறு மாற்றுவதாகத் தரும் வாக்கு எதுவும், எழுத்தில் அமைந்து, அதனைச் செய்பவரால் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டாலன்றி வலுப்பெறாது. டொட்ஸின் கடிதம் மட்டக்களப்பில் எழுதப்பட்டிருப்பின் அது கைம்மாறு இன்மையால் தோற்றிராது. நொத்தாரிசு இன்மையால் தோற்றிருக்கும்.

இதன் தாக்கம் மணப்பேச்சிற் புலப்படும். இரு வீட்டாரும் கூடியிருந்து, உறவினர் அறிய, இன்ன வளவும் இத்தனை ஏக்கர் வயலும் பெண்ணுக்கு என்று பேசி முடிப்பர். ஊரார் கண்ணில் அப்பேச்சு மீறமுடியாதது; மீறியவன் மானம் இழப்பான். சட்டத்தின் கண்ணிலோ அது வெறும் பேச்சு. தாலி கட்டிய பின்னரும் உறுதி முடியாதிருப்பின், அந்நிலத்தைப் பொறுத்தவரை மகளுக்கு வழக்காடும் உரிமை இல்லை. உறுதிக்குரிய செலவைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்த தந்தை இடையில் இறப்பாராயின், அவ்வாதனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். சீதனமாகப் பேசப்பட்ட வீட்டில் அவள் பங்காளியருள் ஒருத்தியாகின்றாள். பேச்சுக்கும் உறுதிக்கும் இடைப்பட்ட காலமே பெண்ணின் உரிமைக்கு மிக இடரான காலம்.

ஏற்பு என்னும் கணம்

உறுதி முடிந்தவுடன் கொடை நிறைவுறுகின்றதா எனின், இல்லை. உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நன்கொடையும் ஒரு முன்மொழிவே. பெறுபவர் ஏற்கும்வரை கொடுப்பவர் அதனை மீளப்பெறலாம். கொடுப்பவர் உயிரோடிருக்கையிலேயே ஏற்பு நிகழ்தல் வேண்டும் என்பது பொது விதி.

1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உறுதியைச் செய்பவரின் ஒப்பத்தையே வேண்டுகின்றது. பெறுபவரின் ஒப்பத்தை வேண்டவில்லை. ஆகவே ஏற்பு எழுத்தில் இருத்தல் இன்றியமையாததன்று. உறுதியைக் கையேற்றமை, வீட்டிற் குடியிருந்தமை, வயலின் விளைவைப் பெற்றமை முதலிய நடத்தைகளிலிருந்தும் நீதிமன்றங்கள் ஏற்பை உய்த்துணர்ந்துள்ளன. ஆயினும் பழகிய நொத்தாரிசுகள் பெறுபவரையும் ஒப்பமிடச் செய்து, இந்நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன் என்ற கருத்தமைந்த வாசகத்தைச் சேர்ப்பர். அவ்வொரு வரி பிற்காலத்தில் நீண்ட வழக்கொன்றைத் தவிர்க்க வல்லது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு தந்தை தம் மூத்த மகளுக்கு வளவை எழுதுகின்றார். அவள் ஒப்பமிடவில்லை. உறுதி தந்தையின் பெட்டகத்திலேயே இருக்கின்றது. மணமான பின்னரும் எல்லாரும் அவ்வீட்டிலேயே கூடி வாழ்கின்றனர். பின்னர் மனத்தாங்கல் உண்டாகித் தந்தை அதே வளவை இளையவளுக்கு எழுதுகின்றார். மூத்தவள் ஏற்றாள் என்பதற்குச் சான்று யாது? அவள் அவ்வீட்டில் வாழ்ந்தது நன்கொடை பெற்றவள் என்ற வகையிலா, தந்தையோடு கூடி வாழும் மகள் என்ற வகையிலா? மணமகன் பெண்வீட்டில் வந்து வாழும் ஒழுங்குள்ள இப்பிரதேசத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. ஆட்சியை ஏற்பின் அடையாளமாகக் கொள்ளும் விதி, வீடு மாறி வேறிடஞ் செல்லும் மக்களுக்கு உதவுமளவிற்குப் பிறந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் பெண்ணுக்கு உதவுவதில்லை.

பராயம் பற்றிய விதி இச்சிக்கலை மேலும் கூட்டியது. 1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி 21 வயதே பராய வயது. அது 1989ஆம் ஆண்டின் திருத்தத்தால் 18 ஆயிற்று. முன்னைய காலத்தில் மணத்துக்கு முன்னரே எழுதப்பட்ட உறுதிகளிற் பெறுபவள் பலவேளை பராயமடையாதவள். அவள் சார்பில் யார் ஏற்பது? கொடுப்பவரே இயற்கைப் பாதுகாவலரான தந்தையாகவும் இருப்பின், ஒரே கை கொடுக்கவும் வாங்கவும் கூடுமா? இவ்வினா இலங்கை நீதிமன்றங்களிற் பலமுறை எழுந்தது. இதனால் தாய்மாமனோ பேரனோ பேர்த்தியோ சிறுமிக்காக ஏற்று ஒப்பமிடும் முறை பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது. தாய்வழிச் சமூகத்திற் பெண்ணின் ஆதனத்தைக் காத்துநிற்கும் பொறுப்பு மாமனுக்கு உண்டு என்ற பழைய உணர்வோடு இவ்வேற்பாடு இயல்பாகவே பொருந்தியது.

ஏற்பின் பின்னரும் ஓர் இடையூறு உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, பெறுமதி கொடுத்துப் பெற்றுப் பின்னர் முறையாகப் பதியப்பட்ட உறுதிக்கு எதிராக நிற்காது. பெட்டகத்தில் வைத்துக் காத்த சீதன உறுதியைக் காணிப்பதிவகத்திற் பதியாது விடுதல் பெண்ணின் உரிமையைப் பிறர் கையில் ஒப்படைத்தலுக்குச் சமம்.

மீட்பும் நன்றியின்மையும்

ஏற்று நிறைவுற்ற நன்கொடையை மீட்க முடியாது என்பது பொது விதி. இதற்கு உரோம மரபு ஒரு விலக்கை வைத்துள்ளது. அதுவே பெறுபவரின் பெரும் நன்றியின்மை. 530ஆம் ஆண்டிற் பேரரசர் யஸ்டினியன் வகுத்த விதி ஐந்து காரணங்களைக் கூறுகின்றது: கொடுத்தவரைக் கொடுமையாக இழிவுபடுத்துதல், அவர்மேற் கைவைத்தல், அவர் பொருளுக்குப் பெருங்கேடு விளைத்தல், அவர் உயிருக்குத் தீங்கு சூழ்தல், கொடையின் நிபந்தனையை நிறைவேற்றாமை. இவை உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி இலங்கைக்கு வந்தன. மீளாத நன்கொடை என எழுதப்பட்ட உறுதிகளை இக்காரணத்தால் நீக்குவதாயின் அது நீதிமன்றக் கட்டளையினாலேயே நிகழ்தல் வேண்டும் என 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. நொத்தாரிசிடம் சென்று இரத்து உறுதியொன்றை முடித்துவிட்டு மகளை வெளியேறுமாறு கூறும் வழக்கத்துக்கு இச்சட்டம் ஒரு தடை.

சீதனத்துக்கு இவ்விலக்கு முழுமையாகப் பொருந்துமா என்பது சிந்தனைக்குரியது. மணத்தை முன்னிட்டுக் கொடுத்தது தூய ஈகையன்று. அதனை நம்பி மற்றொரு குடும்பம் மணத்துக்கு உடன்பட்டிருக்கின்றது. அவ்வகையில் அது ஒப்பந்தத்தின் தன்மையை அணுகுகின்றது. மறுபுறத்தில், முதுமையிற் கைவிடப்படும் பெற்றோரின் துயரமும் மெய்யானதே. வாவிக்கரை உறுதிகள் இதற்கு நடைமுறையில் ஒரு வழி கண்டுள்ளன. பெற்றோர் தமது சீவிய உரித்தை ஒதுக்கிவைத்து எழுதுவதே அவ்வழி. ஆதனம் மகளுக்கு, அனுபவம் பெற்றோர் உயிருள்ளவரை பெற்றோருக்கு. மீட்பதற்கான உரிமையை வைத்திருப்பதினும் வாழ்வதற்கான உரிமையை வைத்திருப்பது இரு தலைமுறைக்கும் நன்று என்பதை அவ்வாசகம் உணர்த்துகின்றது.

முஸ்லிம்களின் நன்கொடை

இதே வாவிக்கரையில் வாழும் முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமை, வக்புக் கட்டளைச் சட்டம் ஏற்புடையது. அதன் 3ஆம் பிரிவின்படி அவர்களது நன்கொடைகளைக் கொடுப்பவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே ஆளும். இஸ்லாமியச் சட்டத்தில் ஹிபா எனப்படும் நன்கொடைக்கு முன்மொழிவும் ஏற்பும் மட்டும் போதா. ஆட்சி கையளிக்கப்படுதலும் வேண்டும். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி, கையளித்து முடிந்த நன்கொடையைப் பிறர் மீட்கலாகாது. பெற்றோர் முதலிய முன்னோர் தம் வழித்தோன்றலுக்குக் கொடுத்ததையே மீட்கலாம். தந்தை மகளுக்குக் கொடுக்கும் வீடு அவ்விலக்குக்குள்ளேயே அடங்குகின்றது என்பது கவனத்துக்குரியது.

1931ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இரு ஏற்பாடுகளைச் சேர்த்தது. மீளாதது என உறுதியிற் கூறப்பட்டாலன்றி நன்கொடை மீளாததாகக் கருதப்படமாட்டாது. உறுதியைப் பெறுபவரிடம் ஒப்படைத்தல் ஆட்சியை ஒப்படைத்ததற்குச் சான்றாகும். ஒரே வீட்டிற் கூடி வாழும் குடும்பங்களுக்கு இவ்விரண்டாம் ஏற்பாடு பெரும் உதவி. முன்னர் நாம் கற்பித்த எடுத்துக்காட்டின் மூத்த மகள் முஸ்லிம் பெண்ணாயின், உறுதியைத் தன் கையிற் பெற்றிருப்பதே அவளுக்குப் போதிய சான்றாகும். ஆனால் மீளாதது என்ற சொல் உறுதியில் இல்லையேல் அவள் நிலை தளரும். மேலும் இப்பிரிவு சீவிய அனுபவ உரித்து அடங்கிய நன்கொடைகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுள்ளது. ஆகவே பெற்றோர் சேர்க்கும் ஒரு வாசகம் அவ்வுறுதி எச்சட்டத்தின் கீழ் வருகின்றது என்பதையே மாற்றவல்லது.

புதிய கொடையாளர்

2004 திசெம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலை எழுவான்கரையின் வீடுகளை வாரிச் சென்றது. நாவலடி, கல்லடி, காத்தான்குடி முதலிய இடங்களில் அழிந்த வீடுகளுட் பல பெண்களின் பெயரில் இருந்தவை. அதன் பின்னர் வீடு கொடுத்தோர் பெற்றோரல்லர். அரசும் தொண்டு நிறுவனங்களுமே. குடும்பத் தலைவர் என்பவர் ஆண் என்ற எண்ணத்துடன் பல இடங்களிற் புதிய வீடும் நிலமும் கணவரின் பெயரில் வழங்கப்பட்டன. அரச காணியைக் கூட்டுரிமையாக வழங்க இடமில்லை என்ற விளக்கமும் தரப்பட்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதற்கெதிராகக் குரலெழுப்பின. சொந்த வீட்டை இழந்த பெண், கணவனின் வீட்டிற் குடியிருப்பவளாக மாறினாள். அங்கே அவளிடம் முன்மொழிவே வரவில்லை. ஆகவே ஏற்கும் வாய்ப்பும் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மூத்த ஆணுக்கு முதலிடந் தந்த பின்னுரித்து ஒழுங்கு 2022இலேயே திருத்தப்பட்டது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, 1876இல் மரபுரிமை இழந்த இடத்தை நன்கொடை நிரப்பியமையால், வாவிக்கரைப் பெண்ணின் உரிமை முன்மொழிவு, ஏற்பு ஆகியவற்றின் சட்டத்தைச் சார்ந்து நிற்கலாயிற்று. இரண்டாவது, ஊரார் கொடுத்தவரின் சொல்லையே நினைவிற் கொள்கின்றனர். சட்டமோ நொத்தாரிசின் எழுத்தையும் பெற்றவளின் ஏற்பையும் தேடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடைவெளி உள்ள இடத்திலேயே பெண் தன் வீட்டை இழக்கின்றாள். மூன்றாவது, அவ்வெளியை அடைக்கும் வழிகள் மிக எளியவை: மணத்துக்கு முன்னரே உறுதி முடித்தல், பெறுபவளே ஒப்பமிட்டு ஏற்றல், முஸ்லிம்களாயின் மீளாதது என எழுதுதல், பெற்றோரின் சீவிய உரித்தை வெளிப்படையாக ஒதுக்குதல், தாமதமின்றிப் பதிதல்.

மட்டக்களப்பு மான்மியம் 1962இலும் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் அச்சேறியதிலிருந்து இப்பிரதேசத்தின் குடிவரலாறும் பண்பாடும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்று வந்துள்ளன. நொத்தாரிசுகளின் பழைய உறுதிப் படிகள் அவ்வகையான கவனத்துக்குத் தகுதியானவை. எந்தத் தலைமுறையிற் பெண்கள் தம் பெயரைத் தாமே ஒப்பமிடத் தொடங்கினர், எப்பொழுது மாமனின் ஒப்பம் மறைந்தது, எந்த ஊரிற் சீவிய உரித்து வாசகம் வழக்காயிற்று என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். ஏற்றுக்கொள்கிறேன் என்ற ஒரு சொல்லின் கீழ் இட்ட ஒப்பங்களை ஆண்டுவாரியாக அடுக்கி நோக்கினால், வாவிக்கரைப் பெண்களின் வரலாற்றில் ஒரு பகுதி அவர்தம் கையெழுத்திலேயே நமக்குக் கிடைக்கும்.